நிஜக் கடத்தலா, நாடகக் கடத்தலா?

புகழ்பெற்ற நடிகை ஒருத்தி கடத்தப்படுகிறாள். படிப்பவர் பதைபதைப்பைவிடச் சிரிப்போடுதான் பக்கம் புரட்ட வேண்டும். இப்படியொரு துப்பறியும் நாவலைத் தொடங்குகிறவருக்கு இரண்டு வழிகள் உண்டு. கடத்தல் நிஜமாக இருக்கலாம், கடத்தியவர்கள் தொழில் தெரியாதவர்களாக இருப்பார்கள். அல்லது விளம்பரத்துக்காகவோ கடன்காரர்களுக்குத் தப்பவோ நடிகையே அரங்கேற்றிய நாடகமாக இருக்கலாம். நான் எழுதிவரும் நாவலுக்கு முதல் வழியைத்தான் எடுத்துக்கொண்டேன்.

நாடகக் கடத்தலின் வசதிகள் வெளிப்படையானவை. கடைசியில் ஒரு திருப்பம் தயாராக இருக்கிறது, யாருக்கும் காயமில்லை, யாரையும் வெறுக்க வேண்டியதில்லை.

இடறுவது நடுப்பகுதியில்தான். கதை லேசானது என்று தெரிந்தவுடனேயே வாசகர் கடத்தப்பட்டவளைத்தான் முதலில் சந்தேகிப்பார். நாவலின் மொத்த பாரமும் அந்த ஒரே ரகசியத்தில் தொங்குகிறது. அதை அவர் பாதியில் ஊகித்துவிட்டால், போலீஸின் அலைச்சலும் உதவியாளரின் கண்ணீரும் நள்ளிரவுத் தொலைபேசி மிரட்டலும் வெறும் காலதாமதமாகிவிடும்.

நிஜக் கடத்தலில் அதே சந்தேகம் எழுத்தாளருக்கு வேலை செய்கிறது. நடந்த ஒரு வழக்கே இதற்குச் சான்று. 1963 டிசம்பரில், பாடகர் ஃபிராங்க் சினாட்ராவின் 19 வயது மகனை, அமெரிக்காவின் லேக் டாஹோவில் அந்த மகன் தங்கியிருந்த அறையிலிருந்தே மூவர் கொண்ட ஒரு கூட்டம் கடத்தியது. 2,40,000 டாலர் மீட்புத் தொகை கைமாறியது. மூவரில் ஒருவர் தன் சகோதரரிடம் விஷயத்தைச் சொல்லிவிட, கூட்டமே பிடிபட்டது. நீதிமன்றத்தில் அவர்கள் தரப்பு வைத்த வாதம், இது விளம்பரத்துக்காக நடத்திய நாடகம் என்பது. ஜூரி அதை ஏற்கவில்லை. ஆனால் பிரபலம் கடத்தப்பட்டால் ‘இது நாடகமோ’ என்ற கேள்வி எவ்வளவு இயல்பாக முளைக்கிறது என்பதை அந்த வாதமே காட்டுகிறது. வாசகரை அந்தத் திசையில் நூறு பக்கம் அலையவிட்டு, கடத்தலுக்கு உள்ளிருந்து தகவல் கொடுத்தது யார் என்ற உண்மையான புதிரை அதன் மறைவில் வளர்க்கலாம்.

என்னை முடிவெடுக்க வைத்தது இரண்டாம் வாசிப்பு. மர்மம் அவிழ்ந்த பிறகும் ஒரு புத்தகம் அலமாரியில் இடம்பிடிக்க வேண்டுமானால், நகைச்சுவையும் துப்பும் ஒரே வரியில் குடியிருக்க வேண்டும். என் நாவலில், கடத்தியவன் மிரட்டும்போது குரல் நடுங்குகிறது. நடிகைக்குப் பொறுக்கவில்லை. எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லை அழுத்த வேண்டும் என்று அவனுக்கே பயிற்சி கொடுத்து, திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறாள். முதல் வாசிப்பில் அது சிரிப்புக் காட்சி. அவள் சொல்லிக்கொடுத்த வசனம் திரைக்கு வராமலே நின்றுபோன அவளுடைய படத்தில் வருவது என்பதும், அந்தப் படப்பிடிப்பு நடந்த பங்களாவில்தான் அவள் அடைபட்டிருக்கிறாள் என்பதும் பிறகு தெரியும். மறுபடி படிப்பவர் சிரித்துக்கொண்டே, தான் இருக்கும் இடத்துக்கான துப்பை அந்த வசனத்தில் ஒளித்துவைத்த அவளுடைய சாமர்த்தியத்தையும் பார்ப்பார். நாடகக் கடத்தலிலும் மறுவாசிப்பில் இரட்டை அர்த்தங்கள் கிடைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே அவளுடைய ஒவ்வொரு வார்த்தையும் பொய்யாகிவிடுகிறது. அவள்மேல் நமக்கு வந்த பிரியமும் கூடவே கரைந்துபோகிறது.

நிஜக் கடத்தலுக்கும் ஒரு விலை உண்டு. அவளுடைய அச்சத்தை முழுக்க மறைத்தால் கதை போலியாகிவிடும், கூட்டினால் சிரிப்பு செத்துவிடும். முதல் இரவை மட்டும் சிரிப்பில்லாமல் எழுதியிருக்கிறேன். அது போதுமா என்பதை வாசகர்கள்தான் சொல்ல வேண்டும்.

நாடகமாகத் தொடங்கிப் பாதியில் நிஜமாகிவிடும் மூன்றாவது வழியும் இருக்கிறது. அதை நான் எழுதிப் பார்த்ததில்லை. வாசகராக எனக்குப் பிடித்த வகைதான், ஆனால் அதற்கு இரண்டு வில்லன் கூட்டங்களும் இரட்டிப்புப் பக்கங்களும் வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது. சிறிய நாவல் எழுத நினைப்பவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.