ஊர்ப் பெண்களின் குரலில் எழுந்த தொகுப்பு: ஆஞ்செலிக் கிட்ஜோவின் 'ஈவ்'

மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினைச் சேர்ந்த பாடகி ஆஞ்செலிக் கிட்ஜோவின் 'ஈவ்' பாடல் தொகுப்பைக் கேட்கத் தொடங்கியதும் காதில் தங்குவது அவர் குரல் மட்டுமன்று. கென்ய நாட்டுப் பெண்கள் கூடிப் பாடும் குரலும்தான். 2014-இல் வெளிவந்த இத்தொகுப்புக்காக அவர் கென்யாவிலும் தம் தாய்நாடான பெனினிலும் ஊர்ப் பெண்களின் பாட்டைப் பதிவுசெய்து, அக்குரல்களைத் தம் பாடல்களோடு இழைத்தார். கூட்டுக்குரலை மெருகுக்காகப் பின்னணியில் தூவிவிடும் தொகுப்புகள் ஏராளம். இங்கோ அக்குரல்களை எடுத்துவிட்டால் பல பாடல்களில் பாட்டே மிஞ்சாது. நான் இதைத் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இதுவே காரணம்.

1960-இல் பெனினின் ஊய்டா நகரில் பிறந்த கிட்ஜோ, தாய் இவோன் நடத்திய நாடகக் குழுவோடு ஆறு வயதிலேயே மேடையேறியவர். கலைஞர்கள் ஆட்சியாளர்களைப் புகழ்ந்து பாட வேண்டும் என்ற நெருக்குதலுக்கு இணங்க மனமின்றி, 1983-இல் நாட்டைவிட்டு வெளியேறிப் பாரிஸில் ஜாஸ் பயின்றார். பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று பள்ளிக்காலத்தில் ஏளனம் செய்த பையன்களுக்குப் பதிலடியாக அவரே புனைந்த சொல் 'படோங்கா'. அச்சொல் பின்னர் 1991-ஆம் ஆண்டுத் தொகுப்பில் பாடலாயிற்று. சிறுமியரின் கல்விக்காக அவர் தொடங்கிய அறக்கட்டளைக்கும் அதுவே பெயராயிற்று. 'ஈவ்' தொகுப்பின் வேர் அந்தப் பள்ளிச் சிறுமியிடம்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

தாயின் பெயரை நினைவூட்டும் இத்தொகுப்பின் பிற்பகுதியில் வரும் 'பானா' பாடலில் இவோனே மகளோடு சேர்ந்து பாடுகிறார். பயிற்சி பெற்ற மகளின் குரல் ஓங்கி நிற்கக்கூடிய இடத்தில் அவர் தணிந்து, தாய்க்கு வழிவிடுகிறார். அந்த அடக்கம் எந்த உச்சஸ்தாயியைவிடவும் நெஞ்சைத் தொடுகிறது. டோகோ நாட்டுப் பாடகி பெல்லா பெல்லோவின் 'பிளேவு' பாடலை அவர் மீண்டும் பாடியிருப்பதிலும் மூத்தவர்மீது கொண்ட அதே மரியாதை தெரிகிறது.

க்ரோனோஸ் நால்வர் குழுவின் தந்தி வாத்தியங்கள் 'எபிலே' பாடலின் தாளத்தோடு பிசிறின்றிப் பொருந்துகின்றன. லக்சம்பர்க் பில்ஹார்மோனிக் எனும் பெரிய இசைக்குழு வாசிக்கும் 'அவலோலே' எனக்கு அத்தனை நிறைவு தரவில்லை. பேரிசையின் கனம் குரலின் வேகத்தைச் சற்றே இழுத்துப் பிடிக்கிறது. வேறு சில பாடல்களிலும் ஒலிப்பதிவின் பளபளப்பு கூடுதல்தான். ஆயினும் ஸ்டீவ் ஜோர்டனின் டிரம்ஸும் பெனினைச் சேர்ந்த லயனல் லுவெகேயின் கிட்டாரும் அக்குறையைப் பெரிதும் மறக்கச் செய்கின்றன.

2015-இல் 'ஈவ்' கிராமி விருது பெற்றது. 2020-இல் மற்றொரு தொகுப்புக்காக மீண்டும் அவ்விருதை வாங்கியபோது, அதே பிரிவில் போட்டியிட்ட நைஜீரியாவின் இளம் பாடகர் பர்னா பாய்க்கு அதை அவர் மேடையிலேயே அர்ப்பணித்தார். மறு ஆண்டு வந்த 'மதர் நேச்சர்' தொகுப்பில் பர்னா பாயும் யெமி அலாடேயும் அவரோடு பாடினர். அந்த இளையவர்கள் வழியாகக் கிட்ஜோவை அறிந்தவர்கள் அடுத்துக் கேட்க வேண்டியது 'ஈவ்'. வரிசையை மாற்றாமல், இடையே வரும் சிறு துணுக்குகளையும் தாண்டாமல் கேளுங்கள்.