ஏழடி ஃபைபர் கிளாஸ் ரொட்: மலையக ஓடைகளில் பல வருடப் பாவனை

ட்ரவுட் மீன் பிடிக்க ரொட் (தூண்டில் கோல்) வாங்க நினைப்பவர்கள் நேரே ஒன்பதடி கார்பன் ரொட்டில் போய் நிற்கிறார்கள். குளத்துக்கு அது சரி. இலங்கை மலையகத்தில், அம்பேவளைப் பக்கத்துச் சின்ன ஓடைக்குச் சரிவராது. நான் பாவிப்பது ஏழடி ஃபைபர் கிளாஸ், 3ஆம் இலக்க லைன் (வீசும் கயிறு; இலக்கம் குறையக் குறைய எடையும் குறைவு). மாற்றும் எண்ணமில்லை.

காரணம் இடம்தான். இரண்டு கரையிலும் குட்டை மூங்கில், தலைக்கு மேலே கிளை. பின்னால் வீச வழியே கிடையாது. தூண்டில் முள் விரலில் ஏறாதபடி, ஃப்ளை எனும் போலிப் பூச்சியை முள்ளின் வளைவில் பிடித்து, ரொட்டை வில்லாக வளைத்து, குறிபார்த்து விட்டுவிட வேண்டும். இத்தனை குறைந்த லைனுக்குக் கார்பன் விறைத்துக்கொண்டு நிற்கும். கிளாஸ் பிடிவரை வளைந்து கொடுக்கும். மீன் நீரோட்டத்துக்கு எதிர்முகமாக நிற்பதால் கீழிருந்து மேலே குனிந்தபடி ஏறினால் மிகக் கிட்டப் போகலாம். தூர வீச்சுக்கு அவசியமே வராது.

1880களில் வெள்ளைக்காரர்கள் முதலில் கொண்டுவந்தது பழுப்பு ட்ரவுட். பின்னால் வந்த வானவில் ட்ரவுட்தான் நமது ஓடைகளில் வேரூன்றியது. பெரும்பாலும் சின்ன மீன்தான். ஆனால் இந்த ரொட்டில் அதுவே கையை உலுக்கிவிடும்.

குறை இல்லாமலில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் லைன் போன இடம் தெரியாது; அப்போது வீட்டில் வைத்துவிடுவேன். பனியிலும் மழையிலும் ரொட்டின் துண்டுகள் சேரும் மூட்டு இறுகிக்கொள்ளும். மெழுகுதிரியை லேசாகத் தேய்த்துவிட்டால் கழற்றச் சிரமமில்லை. ஈரத்தோடு உறையில் போட்டால் தக்கைப் பிடியில் பூஞ்சணம் நிச்சயம்.

ரீலுக்குக் காசைக் கொட்டாதீர்கள், இங்கே அது லைன் சுற்றி வைக்கும் பெட்டி மட்டும்தான். லைன் நல்லதாக இருக்கட்டும். இரத்தம் உறிஞ்சும் அட்டைக்குப் பூசும் டீட் எனும் விரட்டி மருந்து கையில் ஒட்டியிருந்தால் லைனின் மேற்பூச்சு இளகிப் பிசுபிசுக்கும். தோட்டத்துப் பெரியவர்கள் செய்வதுபோல் காலுறையில் சவுக்காரத்தைத் தேய்த்துக்கொண்டு போங்கள்; அட்டையும் ஏறாது, லைனும் பிழைக்கும்.

ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் அங்கே ரொட்டோடு நுழைய வேண்டாம். தோட்டத்து ஓடை என்றாலும் தோட்டத்து மேலாளரான துரையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.