பைபிள் படங்கள்: வசனம் யாருடையது?

சினிமாக்காரருக்கு வசனம் என்றால் நடிகர் பேசுவது. பைபிள் வாசிப்பவருக்கு வசனம் என்றால் அதிகாரமும் எண்ணும் போட்ட வரி. பைபிள் படங்கள் மூலத்துக்கு எவ்வளவு உண்மையாக இருக்கின்றன என்று பார்வையாளர்கள் போடும் சண்டையில் பாதி, இந்த இரண்டு வசனங்களுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

"அப்படியே பைபிளில் இருக்கிற மாதிரி எடுத்திருக்கிறார்கள்" என்று பலரும் கைகாட்டும் படம், மெல் கிப்சன் 2004இல் எடுத்த 'தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்'. அதற்கு ஒரு வருஷம் முன்னால் வந்து, அந்த அளவுக்குப் பேசப்படாமல் போனது பிலிப் சவில் இயக்கிய 'தி காஸ்பல் ஆஃப் ஜான்'. இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு நற்செய்தி நூல்களில் ஒன்றான யோவானை வரிக்கு வரி எடுத்த மூன்று மணி நேரப் படம் அது. மூலத்தோடு ஒட்டி நிற்பது எது என்ற கேள்விக்கு என் ஓட்டு இதற்குத்தான். சினிமாவாக எது பெரிது என்று கேட்டால் என் பதில் மாறலாம்.

கிப்சன் படத்தின் பலம் எல்லோருக்கும் தெரிந்தது: அரமேயம், எபிரேயம், லத்தீன் பேசும் நடிகர்கள், கடைசிப் பன்னிரண்டு மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்ட துணிச்சல். மொழியைக் கேட்டதுமே பார்ப்பவருக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் படத்தில் கிரேக்கம் இல்லை. சிலுவையின் மேல் வைத்த எழுத்து எபிரேயம், கிரேக்கம், லத்தீன் மூன்றிலும் இருந்தது என்று யோவான் 19:20 சொல்கிறது. பேரரசின் கிழக்குப் பகுதியில் ரோம அதிகாரிகளும் உள்ளூர்க்காரரும் பேசிக்கொள்ளப் பயன்பட்டது பெரும்பாலும் கிரேக்கம்தான். பழைய மொழி காதில் விழுந்தால் மட்டும் அது பழைய நூலுக்கு உண்மை ஆகிவிடாது.

அடுத்தது அளவு. "அப்பொழுது பிலாத்து இயேசுவைப் பிடித்து வாரினால் அடிப்பித்தான்." ரோம ஆளுநர் பிலாத்து அடிப்பித்ததைப் பற்றி யோவான் 19:1 சொல்வது இவ்வளவுதான். மத்தேயுவும் மாற்கும் போகிறபோக்கில் ஒரு சொல்லில் முடிக்கிறார்கள். லூக்காவில் பிலாத்து "தண்டித்து விடுதலையாக்குவேன்" என்கிறானே தவிர, அடித்த காட்சியே கிடையாது. கிப்சன் படத்தில் இது பல நிமிடம் ஓடுகிறது. இல்லாததைச் சொன்னார் என்று குற்றம் சாட்ட முடியாது. ஒரு வரியை ஒரு படத்தின் நடுத்தூணாக மாற்றினார் என்று சொல்லலாம். பிலாத்துவின் மனைவி, இயேசுவின் தாய் மரியாளிடம் வெள்ளைத் துணி கொடுப்பது, அன்னா கத்தரீனா எம்மெரிக் என்ற ஜெர்மானியத் துறவியின் தரிசனக் குறிப்புகளிலிருந்து வந்தது. மத்தேயு 27:19இல் அந்தப் பெண் கண்ட கனவு உண்டு, பெயர் கிடையாது. 'கிளாவுதியா' பின்னால் வந்த மரபு. கள்ளனின் கண்ணைக் காகம் கொத்துவது எந்த நற்செய்தியிலும் இல்லை.

சேர்த்தது என்ன என்ற இந்தக் கணக்கைப் பெரும்பாலான பார்வையாளர்கள் போட்டுவிடுகிறார்கள். அவர்கள் கண்ணில் படாமல் தப்புவது கலப்பு, அதாவது நான்கு நற்செய்திகளையும் ஒன்றாகக் குழைப்பது. என் தேர்வைத் தீர்மானித்ததும் அதுதான்.

ஒரு காதை எடுத்துக்கொள்வோம். இயேசுவைப் பிடிக்க வந்த இடத்தில் பிரதான ஆசாரியனின் வேலைக்காரனுக்குக் காது வெட்டுப்படுகிறது. நான்கு நற்செய்திகளிலும் உள்ள சம்பவம். வெட்டியது பேதுரு என்று சொல்பவர் யோவான் மட்டும். வேலைக்காரனின் பெயர் மல்குஸ் என்று சொல்பவரும் அவர் மட்டும். இயேசு காதைத் தொட்டுச் சொஸ்தப்படுத்தினார் என்பது லூக்கா 22:51இல் மட்டும். மத்தேயுவில் வாள் எடுத்தவனுக்குக் கண்டிப்பு உண்டு, சுகம் இல்லை. மாற்கு வெட்டியதோடு நகர்ந்துவிடுகிறார். கிப்சன் படத்தில் பேதுரு வெட்டுகிறான், மல்குஸ் என்ற பெயர் வருகிறது, காதும் ஒட்டுகிறது, அதற்கு மேல் அவன் திகைத்து உட்கார்ந்துவிடுகிறான். ஒவ்வொரு துண்டுக்கும் வசனம் காட்டலாம், கடைசித் திகைப்பைத் தவிர. ஆனால் இந்த முழுக் காட்சி எந்த நற்செய்தியில் இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை.

யோவான் படத்தில் காது வெட்டுப்படும், ஒட்டாது. 18:11இல் "உன் பட்டயத்தை உறையிலே போடு" என்றதோடு சரி. "சுகப்படுத்தியதை வெட்டிவிட்டார்களே" என்று அதைப் பார்த்துக் குறைப்படுபவர், உண்மையில் யோவானின் மேல்தான் குறைப்படுகிறார்.

சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளிலும் இதே கதை. மத்தேயுவிலும் மாற்கிலும் ஒன்றே ஒன்று: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" அதற்குப் பிறகு ஒரு பெருங்கூச்சல், உயிர் போகிறது. லூக்காவில் மூன்று, அதில் இந்தக் கதறல் கிடையாது. மன்னிப்பு, கள்ளனுக்கு வாக்குறுதி, "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்ற அமைதி. யோவானில் வேறு மூன்று, கடைசியில் "முடிந்தது". மாற்கில் கைவிடப்பட்டவராய்ச் சாகிறார். யோவானில் வேலையை முடித்தவராய்ச் சாகிறார். ஏழையும் அடுக்கிப் பேச வைத்தால் மாற்கின் இருட்டும் போச்சு, யோவானின் நிதானமும் போச்சு. பெரிய வெள்ளி ஆராதனையில் ஏழையும் வரிசையாகக் கேட்டுப் பழகியவர்களுக்கு அடுக்குதான் மூலம் போலத் தோன்றும். அதனாலேயே ஒரே நற்செய்தியின் வார்த்தைகளை மட்டும் வைக்கும் படம் குறைபட்டதாகத் தெரிகிறது.

யோவான் படத்தைத் தேர்ந்தெடுத்தால் எதை இழக்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிறப்பு இல்லை, மேய்ப்பரும் சாஸ்திரிகளும் வரமாட்டார்கள், கிறிஸ்துமஸுக்குப் போட எடுத்துவிட்டு விழிக்க வேண்டாம். நல்ல சமாரியன், கெட்ட குமாரன் இல்லை. பேய் ஓட்டுதல் இல்லை. கடைசி இராப்போஜனத்தில் அப்பமும் ரசமும் கொடுக்கும் வார்த்தைகள் இல்லை. அந்த இடத்தில் கால் கழுவுதல். கெத்செமனேயின் வியாகுல ஜெபமும் இல்லை.

வரிக்கு வரி என்பதிலும் ஓட்டை உண்டு. கானா ஊர்க் கல்யாணத்தில் தாயிடம் பேசுவது தமிழ் வேதாகமத்தில் "ஸ்திரீயே, எனக்கும் உனக்கும் என்ன" என்று இருக்கிறது. படம் பின்பற்றிய 'குட் நியூஸ்' ஆங்கில மொழிபெயர்ப்பில் 'ஸ்திரீயே' என்ற விளியே இல்லை. நான் என்ன செய்ய வேண்டுமென்று நீங்கள் எனக்குச் சொல்லக்கூடாது என்ற பொருளில் எளிமையாக்கியிருக்கிறார்கள். ஆகவே திரையில் சொல் மாறியிருந்தால், இயக்குநர் மாற்றினாரா, மொழிபெயர்ப்பு மாற்றியதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். தொனி இன்னொரு சிக்கல். இதே வரியைச் சிரித்துக்கொண்டு சொன்னால் செல்லம், முகம் இறுகச் சொன்னால் விலக்கல். மூலம் தொனியை எழுதி வைக்கவில்லை என்பதால், இதில் எந்தப் படத்தையும் சரி, தவறு என்று அடித்துச் சொல்ல நான் தயாராக இல்லை.

இத்தாலிய இயக்குநர் பசோலினியின் 1964 படம் மத்தேயுவை மட்டும் எடுத்தது, பேச்செல்லாம் மத்தேயுவிலிருந்தே. தென் இத்தாலியின் மத்தேரா போன்ற இடங்களில், தொழில்முறை நடிகர் அல்லாதவர்களை வைத்து, கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரு மார்க்சியர் எடுத்தது என்பது தனிச் சுவை. ஆனால் வரிசையை மாற்றியிருக்கிறார், பகுதிகளை விட்டிருக்கிறார். கலப்புக் கணக்கில் பாஸ், முழுமைக் கணக்கில் இல்லை. 1979இன் 'ஜீசஸ்' லூக்காவை வைத்து எடுத்தது, ஆயிரக்கணக்கான மொழிகளில் குரல் கொடுக்கப்பட்டது. லூக்காவில் 1,151 வசனங்கள். நிதானமாகச் சத்தம் போட்டு வாசித்தாலே இரண்டு மணி நேரம் போதாது. சுமார் இரண்டு மணி நேரப் படத்தில் எவ்வளவு விட்டுப்போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். செஃபிரெல்லியின் 1977 தொலைக்காட்சித் தொடர் 'ஜீசஸ் ஆஃப் நாசரேத்' ஆறு மணி நேரத்துக்கும் மேல். அழகு, பொறுமை எல்லாம் உண்டு. ஆனால் 'சேரா' என்றொரு கற்பனைப் பாத்திரத்தை நுழைத்து, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸை ஏமாற்றப்பட்டவனாக்கிவிட்டது. மத்தேயு 26:15இல் "எனக்கு என்ன கொடுக்கிறீர்கள்" என்று பேரம் பேசுபவனே யூதாஸ்தான்.

பழைய ஏற்பாட்டுப் படங்களை இதே தராசில் போட முடியாது. ஆதியாகமத்தில் நோவா ஜலப்பிரளயம் முடியும்வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை. முதல் பேச்சே 9:25இல், அதுவும் சாபம். இரண்டு மணி நேரப் படத்துக்கு யாராவது வசனம் எழுதித்தான் ஆகவேண்டும். அரனாஃப்ஸ்கியின் 2014 'நோவா'வில் கல் பூதங்கள் வருவதைத் திட்டுவது நியாயம். மகன்கள் எல்லோரும் மனைவிகளோடு பேழைக்குள் போனார்கள் என்ற 7:13ஐ மீறியதைத் திட்டுவது இன்னும் நியாயம். நோவா குடித்துக் கிடப்பதைத் திட்டினால் மட்டும் 9:21ஐ ஒருமுறை புரட்டிவிட்டுத் திட்டலாம். மோசே படங்களில் 1956இன் 'தி டென் கமாண்ட்மென்ட்ஸ்', 1998இன் 'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' இரண்டும் பார்வோனுக்கு ராம்சேஸ் என்று பெயர் வைக்கின்றன. யாத்திராகமம் அவன் பெயரைச் சொல்வதே இல்லை. 1998இன் அனிமேஷன் படம், மோசேயை வளர்த்த பார்வோன் மகளை ராணியாக்கியது. பார்வோனிடம் பேசும்போது மோசேக்கு 80, ஆரோனுக்கு 83 வயது என்கிறது 7:7. எந்த நாயகனுக்கு அந்த வயது?

எந்தப் படத்தையும் சோதிக்க முழுப் படம் தேவையில்லை. மல்குஸ் காட்சியோ சிலுவைக் காட்சியோ ஒன்று போதும். நான்கு நற்செய்திகளின் அந்தப் பகுதியைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். காட்சியை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு பேச்சுக்கும் செயலுக்கும் எதிரே மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான், 'எதிலும் இல்லை' என்று குறித்துக்கொண்டு வாருங்கள். ஐந்து நிமிடக் காட்சிக்கு அரை மணி நேரம் பிடிக்கும். 'எதிலும் இல்லை' நிறைந்தால் சேர்ப்பு. நான்கு பெயரும் மாறி மாறி வந்தால் கலப்பு. ஒரே பெயர் வந்தால் இன்னொரு வேலை பாக்கி: அந்தப் பகுதியில் திரைக்கு வராத வசனங்களை எண்ண வேண்டும்.

யோவான் படத்தைக் குழுவாகப் பார்ப்பதானால் ஒரே மூச்சில் போடாதீர்கள். 21 அதிகாரங்களில் 13 முதல் 17 வரை ஒரே இரவின் பேச்சு, பெரும்பாலும் ஒருவரே பேசுகிறார். பார்ப்பவர்கள் நெளிவது அங்கேதான். 12 முடிந்ததும் நிறுத்திவிட்டு, கால் கழுவும் காட்சியில் மறுநாள் தொடங்கினால் அந்த நீண்ட பேச்சைத் தாங்கும் தெம்பு இருக்கும்.