தள்ளுவண்டியா, வாடகைக் கடையா?

டிபன் வியாபாரம் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்டால், முதல் ஆறு மாதம் வண்டியில் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

கடை என்றால் முதல் இட்லி வேகும் முன்பே அட்வான்ஸ், மேசை, பெயர்ப்பலகை என்று கைப்பணம் கரைந்துவிடும். வியாபாரம் படுத்தாலும் வாடகை நிற்காது. இடம் சரியில்லை என்று தெரிந்தாலும் எளிதில் கிளம்ப முடியாது.

எங்கள் தெருமுனை அக்கா முதலில் பேருந்து நிறுத்தத்தில் வண்டி போட்டார். கூட்டம் இருந்தது, ஆனால் நின்று சாப்பிட யாருக்கும் நேரமில்லை. பத்தே நாளில் பள்ளிக்கூடத் தெருவுக்கு வண்டியைத் தள்ளிவிட்டார். மிஞ்சும் இட்லியின் கணக்கைத் தினமும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினார். செவ்வாய்க்கிழமை முட்டைதோசை போகாது என்பதெல்லாம் அப்படித்தான் பிடிபட்டது.

வண்டிக்கும் சிரமம் உண்டு. மழை வந்தால் அன்றைய மாவு வீண். இடத்தை விட்டு எழுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேறு. 2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு வழியாகக் கிடைக்கும், தெருவில் விற்பதற்கான சான்றிதழை வாங்கி வையுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவும், வணிக சிலிண்டரும் வண்டி, கடை இரண்டுக்குமே வேண்டும்.

சரி, கடைக்கு எப்போது மாறலாம்? உட்கார இடமில்லை என்று குடும்பத்தோடு வருகிறவர்கள் தினமும் திரும்பிப் போகும்போது. அப்போதும் அதே தெருவிலேயே பாருங்கள். ஒப்பந்தத்தில் வாடகை உயர்வை எழுத்தில் வாங்குங்கள்.