தடிமனுக்கு எழுதித்தரும் கூட்டுக் குளிசை: வாங்கலாமா, எப்படிப் பாவிப்பது?

தடிமன், தும்மல், மூக்கடைப்பு என்று மட்டக்களப்பு நகரிலோ கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலோ ஒரு தனியார் டிஸ்பென்சரிக்குப் போனால், மூன்று மருந்து சேர்ந்த குளிசை ஒன்றைத் துண்டில் எழுதித் தருவதுண்டு. கம்பனிப் பெயர்கள் பல. அட்டையைத் திருப்பிப் பின்புறத்து எழுத்தை வாசித்தால் பெரும்பாலும் ஒரே சேர்மானம்: பரசிற்றமோல் 500 மில்லிகிராம், குளோர்பெனிரமின் 2 மில்லிகிராம், பினைலெப்ரின் 10 மில்லிகிராம். சிலவற்றில் கஃபீனும் சேர்ந்திருக்கும். கம்பனி எதுவானாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றே என்பதால், இங்கே மதிப்பிடுவது அந்தச் சேர்மானத்தை.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த மூன்றில் ஒன்று வேலை செய்கிறது, ஒன்று ஏற்கெனவே உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது, மூன்றாவதை வாயால் விழுங்கிப் பெரிய பயன் இல்லை. வேறு வருத்தம் எதுவும் இல்லாத வளர்ந்தவர், மூக்கால் ஓடித் தும்மலும் உடம்பு நோவும் உள்ள இரண்டு மூன்று இரவுகளுக்கு இதைப் போடலாம். அதற்கு மேல் இதற்கு வேலை இல்லை.

பயனில்லாதது பினைலெப்ரின். மூக்கடைப்பை எடுப்பதற்கென்று சேர்த்திருப்பது அதைத்தான். மூக்கின் உட்சவ்வில் வீங்கியிருக்கும் இரத்தக் குழாய்களைச் சுருக்கினால் அடைப்பு விடும்; மூக்கில் நேரே விடும் துளி மருந்தாக வரும்போது அது அந்த வேலையைச் செய்கிறது. விழுங்கும்போதோ குடற்சுவரும் ஈரலும் பெரும்பகுதியைச் சிதைத்துவிடுகின்றன, மூக்குக்குப் போய்ச் சேர்வது சொற்பம். 2023 செப்டெம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகத்தின் ஆலோசனைக் குழு, வாயால் எடுக்கும் பினைலெப்ரின் மூக்கடைப்புக்கு உதவுகிறது என்பதற்குச் சான்று இல்லை என்று ஒருமித்துச் சொன்னது. 2024 நவம்பரில் துண்டில்லாமல் விற்கும் தடிமன் மருந்துகளிலிருந்து அதை நீக்கும் முன்மொழிவையும் அந்த நிருவாகம் வெளியிட்டது. ஆபத்தானது என்று அல்ல, பயன் இல்லை என்றுதான். எனவே மூக்கடைப்பு மட்டும்தான் உங்கள் பிரச்சினை என்றால் இந்தக் குளிசைக்குக் கொடுக்கும் காசு வீண்.

வேலை செய்வது குளோர்பெனிரமின். எங்கள் பக்கத்தில் 'பிரிட்டன்' (Piriton) என்று கேட்டு வாங்கும் மஞ்சள் குளிசைக்குள் இருப்பதும் இதுவே. தும்மலையும் மூக்கரிப்பையும் அடக்கும், ஓடும் மூக்கை உலர்த்தும். ஆனால் அளவைக் கவனியுங்கள். வளர்ந்தவருக்கு வழக்கமான தடவை அளவு 4 மில்லிகிராம். கூட்டுக் குளிசையில் இருப்பது 2. அது போதாமல் ஒருவர் இரண்டு குளிசை போட்டால் பரசிற்றமோலும் கூடவே 1,000 மில்லிகிராமுக்கு ஏறிவிடுகிறது. ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடும், ஒன்றை நிறுத்தினால் மற்றதும் நிற்கும். கூட்டு மருந்துகள் எல்லாவற்றிலும் எங்களுக்குப் பிடிக்காத குணம் இதுதான்.

இந்த மருந்து தரும் நித்திரைத் தூக்கத்தை யாரும் இலேசாக எடுக்கக்கூடாது. வளர்ந்தவரின் உடம்பிலிருந்து இதன் பாதி வெளியேறவே ஏறத்தாழ 20 மணித்தியாலம் எடுக்கும். இரவு போட்டது மறுநாள் மதியத்திலும் மிச்சம் இருக்கிறது. அறுவடை மெசின் ஓட்டுபவர், நெல் ஆலையில் ஓடும் பெல்டுக்குப் பக்கத்தில் நிற்பவர், கல்முனை வீதியில் ஓட்டோவோ பஸ்ஸோ செலுத்துபவர், விடியப்புறம் வாவியில் தோணி எடுப்பவர் பகலில் இதைப் போடக்கூடாது. தூக்கம் தெரியாவிட்டாலும் கையும் கண்ணும் பிந்தும். சாராயத்தோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். சலரோகத்தால் கால் எரிகிறது என்று கிளினிக்கில் அமிற்றிப்டிலின் கொடுத்திருந்தால் அதோடும் இதே கதை. வயதானவர்களுக்குத் தூக்கத்தோடு தடுமாற்றமும் வந்து, இரவில் எழும்பி நடக்கும்போது விழுந்துவிடுவார்கள்.

இனிப் பரசிற்றமோல். இந்தக் குளிசையால் வரக்கூடிய மிகப் பெரிய கேடு இங்கேதான் இருக்கிறது. ஆட்கள் இதைத் 'தடிமன் குளிசை' என்று ஒரு பக்கமும், அதே பரசிற்றமோலான பனடோலைக் 'காய்ச்சல் குளிசை' என்று மறுபக்கமும் வைத்துக்கொண்டு இரண்டையும் போடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். கூட்டுக் குளிசை நாளுக்கு மூன்று: 1,500 மில்லிகிராம். பனடோல் இரண்டிரண்டாக நான்கு தடவை: 4,000. மொத்தம் 5,500. ஆரோக்கியமான, 50 கிலோவுக்கு மேற்பட்ட வளர்ந்தவருக்கு 24 மணித்தியாலத்துக்கான உச்ச எல்லையே 4,000 தான், அதாவது இரண்டு வகையும் சேர்த்து எட்டுக் குளிசை. மெலிந்த உடம்புக்கு அதுவும் கூட. கிலோவுக்கு ஒரு தடவைக்கு 15 மில்லிகிராம், ஒரு நாளுக்கு 60 மில்லிகிராம் என்று பிடித்தால், 40 கிலோ உள்ள ஒரு அம்மாவுக்கு நாளுக்கு 2,400. அவர் ஒரு தடவைக்கு ஒரு குளிசை, ஆறு மணித்தியால இடைவெளியில் நான்கு. அதற்கு மேல் வேண்டாம். ஈரல் வருத்தம் உள்ளவரும் நாளாந்தம் குடிப்பவரும் தங்கள் எல்லையை டொக்டரிடம் கேட்டே வைக்க வேண்டும்.

அளவு மீறியது உடனே தெரியாது என்பதுதான் கொடுமை. முதல் நாள் வெறும் குமட்டல், அல்லது ஒன்றுமே இல்லை. ஈரல் பழுதாவது இரண்டாம் மூன்றாம் நாளில் வெளிப்படும். மாற்று மருந்தான அசெற்றைல்சிஸ்டீன் எட்டு மணித்தியாலத்துக்குள் ஏறினால் மிக நன்றாகக் காப்பாற்றும். ஆகவே கூடிப் போய்விட்டது என்று தெரிந்தால் வருத்தம் தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. சத்தி எடுக்கவைக்க முயலாமல், போட்ட அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு போதனா வைத்தியசாலைக்கோ கிட்டிய ஆதார வைத்தியசாலைக்கோ போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. மாரி மழையும் அதற்குப் பின்வரும் மாதங்களும் தடிமன் காலம் மட்டுமல்ல, டெங்குக் காலமும்தான். கூட்டுக் குளிசை காய்ச்சலைக் கீழே இறக்கிவிட்டால் வீட்டில் எல்லாரும் 'தடிமன் காய்ச்சல்தான், விட்டுவிட்டது' என்று இருந்துவிடுவார்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரமே இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம் தொடங்கும் நேரம். மூக்கால் ஓடாமல், தும்மலும் இல்லாமல், காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் நோவும் உடம்பு முறிவும் மட்டும் இருந்தால் இந்தக் குளிசையைத் தொடவே வேண்டாம். தனிப் பரசிற்றமோல் மட்டும் போட்டு, மூன்றாம் நாளுக்குள் இரத்த எண்ணிக்கைப் பரிசோதனை செய்யுங்கள். ஐபுப்ரொபென், டைக்குளோபினக், மெபனமிக் அசிட் போன்ற நோவுக் குளிசை எதுவும் கூடாது. வயிற்று நோவு, விடாத சத்தி, கைகால் குளிர்தல், சலம் குறைதல் இவற்றில் ஒன்று கண்டாலும் ஆஸ்பத்திரி. வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கும் இந்தக் குளிசைக்கும் சம்பந்தமே இல்லை.

மருந்தைக் கையில் தரும் விதமும் சரியில்லை. பல இடங்களில் அட்டையிலிருந்து வெட்டியோ உதிர்த்தோ சின்ன உறையில் போட்டு 1-1-1 என்று எழுதித் தருகிறார்கள். மருந்தின் பெயர் இல்லை, காலாவதித் திகதி இல்லை. பனடோலோடு இரட்டிப்பாவதும், டொக்டர் தந்த செற்றிரிசின் என்ற ஒவ்வாமைக் குளிசையோடு சேர்ந்து தூக்கம் இரட்டிப்பாவதும் இந்தப் பெயரில்லாத உறையால்தான். பார்மசியில் நின்று தயங்காமல் கேளுங்கள்: "தம்பி, இதுக்குள்ள பனடோல் இருக்கா? பிரிட்டன் இருக்கா? உறையில பேரை எழுதித் தாங்க." நல்ல பார்மசிக்காரர் சலிக்கமாட்டார். உறையில் மருந்தின் பொதுப்பெயரும் அளவும் எழுதித் தரும் கடை எதுவோ அதையே உங்கள் வழமையான கடையாக வைத்துக்கொள்ளுங்கள். பிரசருக்கோ சீனிக்கோ குளிசை போடுபவர் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோக வேண்டும்.

பிரசர் கட்டுப்படாதவர், இருதய வருத்தம் உள்ளவர், தைரொயிட் கூடியவர் பினைலெப்ரினைத் தவிர்க்க வேண்டும். மூக்குக்கு உதவாவிட்டாலும் பிரசரைக் கூட்டக்கூடிய மருந்து அது. மனநோய்க்காக எம்.ஏ.ஓ. தடுப்பு வகை மருந்து எடுப்பவர், நிறுத்தி 14 நாட்கள் போகும்வரை இதைப் போடக்கூடாது. குளோர்பெனிரமினைத் தவிர்க்க வேண்டியவர்கள் கண் அமுக்கம் உள்ளவர்களும் புரஸ்டேட் வீங்கிய ஆண்களும். அறுபது தாண்டிய ஒருவர் இரவு இதைப் போட்டுவிட்டு விடியும்போது சலம் போகாமல் வயிறு ஊதித் துடிப்பதற்கு இந்த ஒரு குளிசை போதும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

பெரியவரின் குளிசையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதை அடியோடு விட வேண்டும். இதே சேர்மானம் பாணியாகவும் துளியாகவும் வருகிறது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த துளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று இந்தியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசெம்பரில் அறிவித்தது. ஆறு வயதுவரை தடிமன் கூட்டு மருந்து வேண்டாம் என்பதே எங்கள் கருத்தும். காய்ச்சல் இருந்தால் நிறைக்கு ஏற்ற பரசிற்றமோல் பாணி மட்டும், போத்தலோடு வரும் அளவியால் அளந்து. தேக்கரண்டி வீட்டுக்கு வீடு வேறு.

தடிமன் ஒரு வாரத்தில் போய்விடும். பத்து நாள் தாண்டியும் தும்மல் நிற்கவில்லை, பெரும்போக அறுவடையில் வைக்கல் தூசு பட்டதும் தொடங்குகிறது, மருதமுனையில் தறியடியில் உட்கார்ந்ததும் மூக்கு அரிக்கிறது என்றால் அது பெரும்பாலும் ஒவ்வாமை. அதற்கு மாதக்கணக்கில் இந்தக் கூட்டுக் குளிசையைப் போடுவது முழுப் பிழை. காய்ச்சலே இல்லாத உடம்புக்கு ஏன் நாளாந்தம் பரசிற்றமோல்? ஒவ்வாமைக்கு எழுதும் இன்னொரு கூட்டு, மொன்ரிலூகாஸ்ட் 10 மில்லிகிராமும் லெவோசெற்றிரிசின் 5 மில்லிகிராமும் சேர்ந்தது, மாலையில் ஒன்று. தொய்வும் சேர்ந்திருப்பவருக்கு அது பொருந்தும். ஆனால் மொன்ரிலூகாஸ்டுக்கு 2020 மார்ச்சில் அமெரிக்காவில் மிகக் கடுமையான தர எச்சரிக்கை போட்டார்கள்: கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம். போடத் தொடங்கியபின் ஆளின் குணம் மாறினால் உடனே நிறுத்தி டொக்டரைக் காணுங்கள். லெவோசெற்றிரிசின் சிறுநீரகத்தால் வெளியேறுவது. சிறுநீரக வருத்தம் உள்ளவர் அதைச் சொல்லியே வாங்க வேண்டும், அளவு குறையும்.

ஒவ்வாமை மூக்குக்கு எங்கள் முதல் தெரிவு மூக்கில் அடிக்கும் ஸ்டீரொயிட் ஸ்பிரே, உதாரணமாகப் பெக்லோமெதசோன். முதல் நாளே பலன் தேடாதீர்கள். முழுப்பலனுக்கு இரண்டு வாரம்வரை நாளாந்தம் அடிக்க வேண்டும். தலையைச் சற்றுக் குனிந்து, வலக்கையால் இடது மூக்கிலும் இடக்கையால் வலது மூக்கிலும், நுனி அந்தப் பக்கக் காதை நோக்கி இருக்க அடியுங்கள். நடுச்சுவரில் பட்டால் இரத்தம் வரும். அடிக்கும் முன் மூக்கைக் கழுவினால் மருந்து நன்றாகப் படியும்: கொதித்து ஆறிய அரை லீற்றர் தண்ணீரில் ஒரு மட்டத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைந்த உப்பு. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் மூக்கில் விடக்கூடாது. அடைப்புக்கு உடனடிச் சுகம் வேண்டுமென்றால் ஒக்சிமெற்றசொலின் துளி, ஆனால் ஐந்து நாளோடு நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்தால் மருந்து இறங்கும்போதெல்லாம் மூக்கு முன்னையைவிட மோசமாக அடைக்கும்.