அடி நிற்கும் இடம்: ஷோட்டோகான், கோஜு ரியூ, கியோகுஷின்

2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோவின் நிப்பான் புடோகான் அரங்கில், 75 கிலோவுக்கு மேற்பட்டோருக்கான ஒலிம்பிக் கராத்தே இறுதிச் சண்டையில் சவூதி அரேபியாவின் தாரிக் ஹாமிதி 4–1 என்று முன்னிலையில் இருந்தார். அப்போது அவர் வீசிய உயர உதை ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதே மீது பலமாக விழ, அவர் நினைவிழந்து சாய்ந்தார். தங்கம் சாய்ந்தவருக்குப் போயிற்று. உதைத்தவர் அடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று தகுதிநீக்கம் செய்யப்பட்டு வெள்ளியோடு திரும்பினார். குத்துச்சண்டை பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழ் நீதி. ஆனால் ஆளைச் சாய்க்கும் அடியை, உடன் பயில்பவரைச் சாய்க்காமல் எப்படிப் பயில்வது என்பது கராத்தேயின் பழைய சிக்கல். ஷோட்டோகான், கோஜு ரியூ, கியோகுஷின் ஆகிய கராத்தேப் பிரிவுகள் மூன்றும் உண்மையில் பிரிவது இதற்குச் சொல்லும் விடையில்தான் என்பது என் கருத்து.

ஷோட்டோகானின் விடை, முஷ்டி தோலைத் தொடுவதற்குச் சற்று முன்னே நின்றுவிட வேண்டும் என்பது. 1922இல் ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்கு வந்து கராத்தேயைச் செய்துகாட்டிய, இப்பிரிவின் தந்தையான ஃபுனாகோஷி கிச்சின் பள்ளி ஆசிரியர். ரியூக்யூ அரசாக இருந்த அவருடைய தீவு 1879இல்தான் ஜப்பானின் மாவட்டமாக்கப்பட்டிருந்தது. அங்கிருந்து வந்த கலையைத் தலைநகரம் ஏற்க வேண்டுமானால் அதன் தோற்றம் மாறியாக வேண்டியிருந்தது. ‘கராத்தே’ என்ற பெயரில் சீனத்தின் தாங் வம்சத்தைக் குறித்த எழுத்து, அதே ‘கரா’ ஒலியுடைய, ‘வெறுமை’ என்று பொருள்படும் எழுத்தானது. பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒகினாவா ஆசான் இதோசு அன்கோ அமைத்த ‘பின்னான்’ கட்டாக்கள் (எதிராளியின்றித் தனியே செய்யும் அசைவுத் தொடர்கள்) ‘ஹெய்யான்’ என்று பெயர் மாறின. வெள்ளை உடையும் தரப் பட்டைகளும் கானோ ஜிகோரோவின் ஜூடோவிலிருந்து வந்தவை. தொன்மையான மரபு என்று நாம் நினைக்கும் கறுப்புப் பட்டை, கராத்தேயைப் பொறுத்தவரை நூறாண்டு வயதுடையது, அவ்வளவே.

போட்டிச் சண்டைகளில் ஃபுனாகோஷிக்கு நாட்டமில்லை. ஆனால் அவர் மறைந்த 1957ஆம் ஆண்டிலேயே ஜப்பான் கராத்தே சங்கம் தன் முதல் அகில ஜப்பான் போட்டியை நடத்தியது. நீண்டு தாழ்ந்த நிலை, எட்டாத தொலைவிலிருந்து ஒரே பாய்ச்சலில் உள்ளே புகுதல், கணக்கான தூரத்தில் நிறுத்துதல் ஆகியவற்றில் ஷோட்டோகான்காரர்கள் அடையும் துல்லியம் மற்ற இரண்டிலும் அரிது. அடி பட்ட பிறகு என்ன நடக்கும் என்பதை மட்டும் அவர்கள் கற்பனையில்தான் பார்க்கிறார்கள். எதிராளி பின்வாங்காமல் சட்டையைப் பற்றிக்கொண்டால் அந்த அழகிய தொலைவு கலைந்துபோகும்.

கோஜு ரியூ தொடங்குவதே அந்தத் தொலைவு கலைந்த இடத்தில். இதன் வேர் ஒகினாவாவின் நாஹா நகரில் இருக்கிறது. ஹிகாவோன்னா கன்ரியோ சீனாவின் ஃபூஜோவில் கற்றுவந்ததை, அவருடைய மாணவர் மியாகி சோஜுன் (1888–1953) ‘வன்மை–மென்மை’ என்று பொருள்படும் பெயரில் ஒழுங்குபடுத்தினார். (ஃபூஜோ என்றதும் நம்மவர்கள் ஷாவோலின் மடத்துக்கும், அங்கிருந்து காஞ்சிபுரத்துப் போதிதருமருக்கும் கோடு இழுத்துவிடுவார்கள். அவர் துறவிகளுக்குப் பயிற்சிகள் கற்பித்தார் என்ற கதை 17ஆம் நூற்றாண்டு நூலொன்றின் நம்பத்தகாத முன்னுரையிலிருந்து பரவியது என்றே வரலாற்றாய்வாளர்கள் கருதுகிறார்கள்.)

இங்கே அடி நிற்பதில்லை. அதை வாங்கும் உடல்தான் முதலில் ஆயத்தமாகிறது. சஞ்சின் கட்டாவில் மாணவர் இடுப்புக்கு மேல் உடையின்றி நிற்பார். கால்விரல்கள் சற்று உள்நோக்கித் திரும்பித் தரையைக் கவ்வியிருக்கும். முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்கும். மூச்சு அடிவயிற்றிலிருந்து ஓசையோடு வெளியேறும். ஆசிரியர் சுற்றிவந்து தோளிலும் முதுகிலும் தொடையிலும் உள்ளங்கையால் படீரென்று தட்டி, எங்கே இறுக்கம் தளர்ந்திருக்கிறது என்று பார்ப்பார். ஒரே கட்டாவில் ஆண்டுக்கணக்கில் இருத்தப்படுவதும் உண்டு. அதற்கு வெளியே, மணல் நிரப்பிய சாடிகளின் வாயை விரல்நுனிகளால் பற்றித் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். முன்கையோடு முன்கை ஒட்டித் தள்ளிப் பழகுவார்கள். மொத்தமே பன்னிரண்டு கட்டாக்கள்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் பிடியும் முறுக்கும் செறிந்திருக்கின்றன. குறை என்னவென்றால், முழு எதிர்ப்புக் காட்டும் ஆளிடம் இவை செல்லுமா என்று சோதிக்காமலேயே ஒருவர் பல பட்டைகள் ஏறிவிட முடியும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சஞ்சின் மூச்சில் இறங்கவும் கூடாது.

கியோகுஷின் இந்தச் சந்தேகத்தை நேரடியாகத் தீர்க்க முயன்றது. கொரியாவில் பிறந்த ஒயாமா மசுதாட்சு மேற்சொன்ன இரண்டையும் கற்றவர்; 1964இல் கியோகுஷின்கைக்கான் என்ற அமைப்பை நிறுவி, 1969இல் முதல் அகில ஜப்பான் திறந்தநிலைப் போட்டியை நடத்தினார். கையுறை கிடையாது, நெஞ்சிலும் வயிற்றிலும் வெறும் முஷ்டியால் முழு வேகத்தில் குத்தலாம், தொடையை உதைத்து மரத்துப்போகச் செய்யலாம், தலையைக் காலால் உதைக்கவும் செய்யலாம். முகத்தில் கையால் குத்துவது மட்டும் விலக்கு. ஆக, நிறுத்தவே மாட்டோம் என்று சொன்ன பிரிவும் ஓரிடத்தில் நிறுத்தத்தான் வேண்டியிருந்தது. அதன் விளைவு களத்தில் கண்கூடு: முகத்துக்குக் குத்து வராது என்ற நம்பிக்கையில் இருவரும் மார்போடு மார்பு உரச நின்று பரிமாறிக்கொள்வார்கள், முகத்தைக் காக்க வேண்டிய கைகள் தாழ்ந்துவிடும். நூறு பேரை அடுத்தடுத்து எதிர்கொள்ளும் சோதனையை முடித்தவர்களின் திடத்தைக் குறைசொல்ல யாராலும் முடியாது. ஆயினும் அந்தத் திடம் ஒரு விதிக்குள் வளர்ந்தது என்பதை மறக்கக் கூடாது.

பத்து வயதுப் பிள்ளைக்கு நான் ஷோட்டோகானைத்தான் சொல்வேன். கையைத் தானே நிறுத்தக் கற்பது அந்த வயதில் வேறெதையும்விடப் பயன் தரும். இருபது வயதுக்காரர் கியோகுஷினில் இரண்டு ஆண்டுகள் அடிவாங்கிப் பார்க்கட்டும். ஆனால் ஒயாமா 1994இல் மறைந்தபின் அது பல அமைப்புகளாக உடைந்துவிட்டதால், பெயர்ப்பலகையை நம்பாமல் பயிற்சி நேரத்தில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நாற்பதைத் தாண்டி, முழங்காலை இன்னும் முப்பது ஆண்டு வைத்துக்கொள்ள நினைப்பவருக்குக் கோஜு ரியூவின் குறுகிய நிலைகள் பொருந்தும், சாடிகளைத் தூக்கப் பொறுமை இருந்தால்.