விதை எண்ணெய் என்று சொல்லி விற்றார்கள்: துபாய் விமானத்தைத் தவறவிட்டார் அப்பா

வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிப் பழகிய வீடு எங்களுடையது. மசாலாவில் கசகசா சேர்ந்திருந்தால் துபாய்க்குக் கொண்டுபோக முடியாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். துபாயில் இருக்கும் தங்கச்சிக்காகக் குருமாப் பொடி திரிக்கும்போது அம்மா அதை மட்டும் மறக்காமல் தள்ளிவைத்தாள். அப்படிப் பார்த்துப் பார்த்துக் கட்டிய பையில்தான் அந்தக் குப்பியும் போனது.

அப்பாவுக்கு 68 வயது. முப்பது வருடம் பேருந்தில் நடத்துநராக நின்ற கால்கள். முட்டி வலிக்குப் பாளையங்கோட்டையில் ஓர் இயற்கைப் பொருள் கடையில் 30 மில்லி எண்ணெய் ஒன்றை 2,400 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். ஹெம்ப் (கஞ்சா வகைச் செடிக்கு ஆங்கிலப் பெயர்) எண்ணெய், எள்ளெண்ணெய் மாதிரி விதையில் ஆட்டியது என்றான் கடைப் பையன். விமானத்தில் கொண்டுபோகலாமா என்று நானே இரண்டு தடவை கேட்டேன். "100 மில்லிக்குக் கீழதான, கைப்பையிலயே வச்சுக்கிடுங்க ஐயா, ஒண்ணும் செய்யாது" என்று அப்பாவிடம் சொன்னான். 100 மில்லி என்பது திரவத்தின் அளவுக்கான விதி. குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

திருவனந்தபுரத்தில் அதிகாலை விமானம். நாகர்கோவில் வழியாக ராத்திரியே வேனில் போய் இறக்கிவிட்டோம். அப்பா குடிவரவு முத்திரை வாங்கி உள்ளே போய்விட்டார் என்று நிம்மதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "ஏலே, எண்ணெய்க் குப்பியப் பாத்துட்டு டாக்டர் சீட்டு எங்கன்னு கேக்காங்க. நான் என்ன கஞ்சாவா கடத்துதேன்?" அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதே இல்லை.

அதிகாரிகள் மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை. ஆனால் விசாரித்து முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. விமானம் போய்விட்டது. ஏற்றிய பெட்டியை இறக்கி, முத்திரையை ரத்து செய்து, குப்பியை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். புது டிக்கெட்டுக்கு 19,000 ரூபாய். அந்தப் பணத்தைவிட, அத்தனை பேர் பார்க்க ஓரமாக நிற்கவைக்கப்பட்டதைத்தான் அப்பா இன்னும் சொல்லிச் சொல்லி வருத்தப்படுகிறார்.

வீட்டுக்கு வந்து காலி அட்டைப்பெட்டியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். முன்பக்கம் பெரிதாக ஹெம்ப். பின்பக்கம் பொடி எழுத்தில் 'விஜயா இலைச் சாறு', மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் பயன்படுத்தவும் என்ற எச்சரிக்கை. விஜயா என்றால் கஞ்சா செடிதான். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் பூ, காய்த் தலைகளைத்தான் கஞ்சா என்கிறது. தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் வராது. அந்த வழியில்தான் இலையில் செய்த மருந்துகள் ஆயுஷ் உரிமத்தோடு, மருத்துவர் சீட்டுக்கு விற்கப்படுகின்றன. விதை எண்ணெய் வேறு சரக்கு. அதை 2021 நவம்பரில் உணவாகவே அனுமதித்தார்கள், கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்போடு. இரண்டையும் ஒன்றாக்கி, சீட்டும் கேட்காமல், பில்லும் தராமல் எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால், இங்கேயே பிடிபட்டது நல்லதுதான். துபாயில் இறங்கியிருந்தால் இலையா விதையா என்ற வாதம் எடுபட்டிருக்காது. அங்கே கஞ்சா செடியில் உள்ள, போதை தராத பொருளான சிபிடி கலந்த எண்ணெய்க்கே அனுமதி இல்லை. 2021இல் வந்த புதுச் சட்டப்படி, டிஎச்சி கலந்த பொருளோடு முதல் தடவை வந்து இறங்குபவரிடம் அதைப் பறித்து அழிப்பதோடு விடலாம் என்று தளர்த்தியிருக்கிறார்கள். அதை நம்பி வயதானவரை அனுப்ப முடியுமா? சிங்கப்பூரிலும் கஞ்சா செடியிலிருந்து எடுத்த சிபிடிக்குத் தடை. ஹாங்காங் 2023 பிப்ரவரி 1 முதல் முழுவதும் தடுத்துவிட்டது. அமெரிக்காவில் 2018 வேளாண் சட்டத்துக்குப் பிறகு இதை மிட்டாய் வடிவில்கூட விற்றார்கள். அங்கிருந்து வாங்கிவரும் பிள்ளைகள் துபாயிலோ சிங்கப்பூரிலோ விமானம் மாறுவதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "நாங்க சொன்னது உள்ளூர் விமானத்துக்கு" என்று மாற்றிப் பேசினார்கள். தங்கச்சி துபாயில் இருப்பதைச் சொல்லித்தான் கேட்டேன் என்றதும், பில் இருக்கிறதா என்றார்கள். பணம் அனுப்பிய ஜிபே ரசீதையும் அட்டைப்பெட்டியின் படத்தையும் சேர்த்து, நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அதே கடையில் வாங்கிய குப்பி யார் வீட்டிலாவது இருந்தால், ஊருக்குக் கிளம்புமுன் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். விஜயா என்று இருந்தால் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். முட்டிக்குத் தடவ அப்பா இந்தத் தடவை ஒன்றும் கொண்டுபோகவில்லை, அங்கேயே மருந்துக்கடையில் தங்கச்சி ஏதோ களிம்பு வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.